வேலாயுதம் இங்கே இல்லை

என் குஞ்சு மகனே,

நீ இப்போது குசினிக் கூரை வளையில் கட்டிய ஏணைத் தொட்டிலில் தூங்குகிறாய். என் வலது கையில் பேனை, இடது கையில் ஏணைக் கயிறு. இந்தக் கடிதத்தை நீ வாசிக்கும் நாளில் உனக்கு மீசை முளைத்திருக்கும். உன் பேரில் ஒரு வளவோ வயலோ இருக்கும், அல்லது அது கிடைப்பதற்காக ஏதோ ஒரு கந்தோரின் கதிரையில் காத்துக்கொண்டிருப்பாய். அன்றைக்கு நீ, இதை எழுதுகிற என்னைவிட மூத்தவனாக இருப்பாய். எனக்கு இப்போது பத்தொன்பது வயது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. கடைக்குப் போனால் சவர்க்காரத்தின் பேரைச் சொல்ல வெட்கப்பட்டு விரலால் காட்டுகிறவள் நான். ஆகவே இது இளையவள் ஒருத்தி மூத்தவனுக்குச் சொல்லும் புத்தி. சிரித்துக்கொள், ஆனால் கேள். நான் நிச்சயமாக அறிந்த ஒரு காரியத்தைத்தான் எழுதுகிறேன். நீ வளரும்வரை இதை மூடி வைக்கவும் எனக்கு விருப்பமில்லை. எங்களைப் போலக் கையில் கோட்டிலிருந்து வந்த ஒரு நீதிமன்றக் கடதாசியோடு வாசலில் திகைத்து நிற்கிறவர்கள் யாராவது அதற்கிடையில் இதைப் படித்தாலும் நல்லதுதான்.

நாளை காலையில் எங்கள் வளவை அளந்து எல்லைக் கல் போட சேவையர் வருகிறார். அதனால்தான் இன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். கல் போட்டபிறகு பார்க்கிறவர்களுக்கு இந்த வளவு எப்போதும் எங்களுடையதாகவே இருந்தது போலத் தெரியும். அது ஒருமுறை எங்கள் கண் முன்னாலேயே ஏலத்தில் விற்கப்பட்டது என்பதை நீ அறிந்திருக்க வேண்டும்.

தர்மபுரத்திலிருந்து உள்ளே இறங்கும் கிரவல் வீதியில், வாய்க்காலைத் தாண்டி மூன்றாவது படலை எங்களுடையது. உன் அப்பாவின் அப்பாவை நான் மாமா என்று கூப்பிடுகிறேன். அவர் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயமொன்றில் பிறந்தவர். கலவரத்தில் லயம் எரிந்தபோது உடுத்த உடுப்போடு வன்னிக்கு வந்த வாலிபர். அப்போது யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவருக்கு இங்கே காடாகக் கிடந்த காணி இருந்தது. அதை வெட்டித் துப்புரவாக்கும் வேலையை மாமாவிடம் கொடுத்தார். மாமா பல வருசம் காடு வெட்டினார், கிணறு தோண்டினார், தென்னை வைத்தார். அந்தப் பெரியவர் நேர்மையானவர். காணியில் நாலில் ஒரு பங்கை மாமாவின் பேருக்கு நொத்தாரிசிடம் உறுதிப் பத்திரம் முடித்துக் கொடுத்தார். ஆனால் பங்கு என்றால் எல்லை போட்டுப் பிரித்த துண்டு என்று நினைக்காதே. முழுக் காணியிலும் பிரிக்காத கால் பங்கு. மற்ற முக்கால் பங்கு அவருடைய பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள். மாமா தன் கால் பங்கு இதுதான் என்று மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அதற்குள் வீட்டைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார். மனதுக்குள் போட்ட கோடு கோட்டில் செல்லாது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

நீ என் வயிற்றில் அசையத் தொடங்கிய நாட்களில், ஒரு காலையில் ஒழுங்கைக்குள் பறைச் சத்தம் கேட்டது. உன் அப்பாவின் அம்மாவான மாமி அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"தப்புச் சத்தம் கேக்குதே, யாரு செத்தது? நேத்து வரைக்கும் யாருக்கும் சொகமில்லன்னு சொல்லலியே" என்று கையைச் சேலையில் துடைத்தபடி வாசலுக்குப் போனார். நான் பின்னால் போனேன். பறைக்காரர் எங்கள் படலைக்கு முன்னால்தான் நின்று அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் கடதாசியைப் பார்த்து உரத்து வாசித்தார். நீதிமன்றத்தின் கட்டளைப்படி இந்தக் காணியும் அதிலுள்ள வீடும் கிணறும் மரங்களும் இன்ன நாளில் இந்தக் காணியிலேயே பகிரங்க ஏலத்தில் விற்கப்படும் என்று இருந்தது. வாசித்து முடித்து, கடதாசியைப் படலைக் கம்பத்தில் ஒட்டினார்.

மாமி கம்பத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். "செத்தது நாமதான் போல" என்றார்.

பின்வளவில் கொத்திக்கொண்டிருந்த மாமா மண்வெட்டியோடு வந்து சேர்ந்தார். விசயத்தைக் கேட்டார். வாசித்தவர் நல்ல மனுசர், நின்று விளங்கப்படுத்தினார்.

"இது பாகப்பிரிவினை வழக்கு ஐயா. வெளிநாட்டில இருக்கிற பங்குகாரர் போட்டது. காணியைப் பிரிச்சுத் தாங்கோ எண்டு கேக்க ஒருத்தரும் வரேல்லை. அதால வித்துப் பங்கைக் குடுக்கச் சொல்லி கோட் கட்டளை போட்டிருக்கு. கறுப்பையா வேலாயுதம் எண்டு ஒரு பங்குகாரர் இருக்கிறார், அவர் இந்தியாவுக்குப் போயிட்டாராம்."

கறுப்பையா வேலாயுதம் மண்வெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு, "அப்புடீங்களா" என்றார்.

அவர்கள் போனபிறகுதான் உண்மை வெளியே வந்தது. அதை வெளியே கொண்டுவந்தவர் பக்கத்து வளவுப் பூமணி அக்கா. பறைச் சத்தத்துக்கு ஓடி வந்தவர், எங்கள் முற்றத்தில் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ வேலண்ணை, உங்களை இந்தியாவுக்கு அனுப்பினது நான்தான்!"

நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பு நடந்தது அது. ஒருநாள் மோட்டார் சைக்கிளில், கமக்கட்டில் இடுக்கிய பைலோடு ஒருவர் வந்து, படலையில் நின்ற மாமாவிடமே "கறுப்பையா வேலாயுதம் ஆர்?" என்று கேட்டிருக்கிறார். மாமா கண் வெட்டாமல், "அப்புடி ஒருத்தரும் இங்க இல்லீங்க" என்று சொல்லியிருக்கிறார். வந்தவர் பக்கத்து வீட்டில் விசாரித்திருக்கிறார்.

"வேலண்ணையைத் தேடி ஆரோ வந்திருக்கினம், எப்பிடியும் காப்பாத்தவேணும் எண்டு நினைச்சன்" என்றார் பூமணி அக்கா. "இந்தியாவுக்குப் போய் கனகாலம் எண்டனான். அவர் ஒரு மாதிரிப் பார்த்தார். நம்பேல்லையாக்கும் எண்டு போட்டு, இராமேஸ்வரத்தில கடை வைச்சிருக்கிறார் எண்டும் சேர்த்துச் சொன்னன்."

"என் புருசனுக்குக் கடையும் வச்சிக் குடுத்தியா மகராசி" என்றார் மாமி. "அதுல ஒக்கார ஒரு பொம்பளையும் பாத்து வச்சிருப்பியே."

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமாவைப் பார்த்ததும் நின்றுவிட்டது. வந்தவர் கோட்டிலிருந்து அழைப்பாணை கொண்டுவந்த பிஸ்கால். உங்கள் காணியைப் பற்றி வழக்கு நடக்கிறது, வந்து உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள் என்ற அழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு, உரியவரிடமே வந்து கேட்டிருக்கிறார். உரியவரே இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த ஒரு சொல்லின்மேல் வழக்கு எங்களைத் தாண்டிப் போய்விட்டது. இதில் கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஆளில்லை. வழக்குப் போட்டவர்களும் தங்கள் பங்கைத்தான் கேட்டார்கள்.

மகனே, உன் தாத்தாவைக் கோழை என்று நினைத்துவிடாதே. சண்டை முடிந்து இவர்கள் செட்டிகுளம் பக்கத்து முகாமில் இருந்தபோது ஒலிபெருக்கியில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். மாமாவின் தம்பி, உன் சின்னத் தாத்தா, தன் பேர் கேட்டதும் கூடாரத்தைவிட்டு எழுந்தார். "வந்துர்றேன் அண்ணி" என்று மாமியிடம் சொல்லிவிட்டுப் போனார். இன்னும் வரவில்லை. அதற்கு முன்னும் பின்னும் இந்த மண்ணில் முழுப் பேரைச் சொல்லிக்கொண்டு படலைக்கு வந்தவர்கள் நல்ல செய்தி கொண்டுவந்ததில்லை. ஆகவே இங்கே பேர் கேட்டால் இல்லை என்பதுதான் முதல் வார்த்தை. அதைச் சொல்லியே எத்தனையோ பேர் உயிரோடு இருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடதாசி கொண்டுவருகிற கை எல்லாம் ஆளைக் கொண்டுபோகிற கை அல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்க உன் தாத்தாவுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உனக்கு நான் சொல்லிக் கொடுக்கிறேன்.

அன்று பின்னேரம் முற்றம் நிறைய ஆட்கள். ஏலம் நடக்கும் நாளில் ஒழுங்கைக்குக் குறுக்கே உழவு இயந்திரத்தை விட்டுவிடுவோம் என்றார் ஒருவர். வாங்க வருகிறவர்களின் வாகனக் கண்ணாடிக்கு நான் பொறுப்பு என்றார் இன்னொருவர். பூமணி அக்கா படலையடியில் கழிவு ஓயில் ஊற்றலாம் என்றார். உன் அப்பா அப்போது வவுனியாவில் மேசன் வேலையில் நின்றார். தொலைபேசியிலேயே கத்தினார். "நான் வாறன். ஒருத்தனையும் உள்ளுக்க விடன்." எல்லோரும் எங்கள்மேல் உள்ள அன்பில்தான் பேசினார்கள். எனக்கு அந்தக் கூட்டத்தில் வாய் திறக்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மாமியின் காதுக்குக் கிட்டப் போய்ச் சொன்னேன்.

"என்னடி புள்ள முணுமுணுக்கிற, சத்தமாத்தான் சொல்லேன்."

"கடதாசி கோட்டால வந்திருக்கு மாமி. மறுமொழியும் கோட்டுக்குத்தானே போகவேணும்" என்றேன்.

மாமா எழுந்தார். "காலையில பஸ் எத்தன மணிக்கு?" என்று என்னைக் கேட்டார்.

கிளிநொச்சியில் இலவசமாக வழக்குப் பேசும் சட்டத்தரணி ஒருவர் இருந்தார். இளம் பெண். மேசைக்கு முன்னால் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். அவர் ஏல அறிவித்தலை வாசித்துவிட்டு நிமிர்ந்து, "ஆர் வேலாயுதம்?" என்று கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமியைப் பார்த்தேன்.

"இவருதாங்க" என்றார் மாமி. "இந்தியாவுல இருந்து நேத்துத்தான் வந்தாரு."

நடந்தது முழுவதையும் கேட்டபிறகு சட்டத்தரணி பேனையை மூடி வைத்தார். அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி உனக்கு எழுதுகிறேன், ஏனென்றால் இது எங்களுக்கு மட்டும் உள்ள வழி அல்ல. கோட் கட்டளை போட்டு விற்கிற காணியை வேலி அடைத்தோ ஆளை மறித்தோ காப்பாற்ற முடியாது. மறித்தால் அது கோட்டை அவமதித்த குற்றமாகும், நியாயம் உன் பக்கம் இருந்தாலும் நீ குற்றவாளியாகத்தான் உள்ளே போவாய். ஆனால் வழக்கில் பேர் இருந்தும் அழைப்பாணை கையில் கிடைக்காத ஒருவருக்குச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தனக்கு அறிவித்தல் கிடைக்கவில்லை, தனக்கு இந்தக் காணியில் உரிமை இருக்கிறது என்று சத்தியக் கடதாசியோடு மனுப் போட்டு, வழக்குக்குள் வர விசேட அனுமதி கேட்கலாம்.

"ஏலம் நடந்து முடிஞ்சாலும் கேக்கலாமோ?" என்று நான் கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"கேக்கலாம் தங்கச்சி. வித்த அறிக்கை கோட்டுக்கு வந்து முப்பது நாள் வரைக்கும். அதுக்குப் பிறகு கதவு பூட்டு. அதால நாங்கள் ஏலத்துக்குக் காத்திருக்கிறேல்லை, இப்பவே போடுவம்." பிறகு மாமாவைப் பார்த்தார். "ஐயா, ஒண்டு. பிஸ்கால் வரவே இல்லை எண்டு சொல்லச் சொல்லி ஊரில ஆரும் சொல்லியிருப்பினம்."

"சொன்னாங்க" என்றார் மாமா.

"சொல்லாதேங்கோ. வந்தவர் வந்ததுதான். நீங்கள் சொன்னது சொன்னதுதான். அதை அப்பிடியே சொன்னால்தான் நான் உங்களுக்காக எழும்பி நிண்டு பேசலாம்."

பூமணி அக்காவும் ஒரு சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டியிருந்தது. "நான் சொன்ன பொய்யை நானே சத்தியம் பண்ணிச் சொல்லவேணுமோ?" என்று அழாத குறையாகக் கேட்டார். "இராமேஸ்வரத்துக் கடையையும் சேர்த்துச் சொல்லு" என்றார் மாமி. அக்கா அதையும் சேர்த்துச் சொல்லிக் கையெழுத்து வைத்தார். அவரை எப்போதும் மரியாதையோடு நடத்து.

மாமாவின் உறுதி இடப்பெயர்வில் தொலைந்துபோயிருந்தது. அது தொலைந்ததோடு உரிமையும் தொலைந்தது என்றுதான் அவர் இத்தனை வருசமும் நினைத்துக்கொண்டிருந்தார். சட்டத்தரணி எங்களைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பினார். பழைய காணிப் பதிவுகளைத் தேடிப் பார்ப்பதை எங்கள் ஆட்கள் தோம்பு பார்ப்பது என்பார்கள். நான்தான் மாமாவோடு போனேன். நாள் முழுக்கக் காத்திருந்து, முத்திரையோடு ஒரு பிரதி கையில் கிடைத்தது. ஒரு உறுதி வீட்டில் அழிந்தாலும் பதிவில் அழிவதில்லை. இதையும் நினைவில் வைத்துக்கொள். வாசலில் இறங்கும்போது மாமா அந்தப் பிரதியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தார். "நம்ம பேரு இங்கேயே இருந்திருக்கு புள்ள, நாமதான் இல்லன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கோம்" என்றார்.

மனுப் போட்டோம். ஆனால் ஏலத்தை உடனே நிறுத்தக் கோட் மறுத்துவிட்டது. மற்றப் பங்குகாரருக்கும் அறிவித்து, அவர்கள் சொல்வதையும் கேட்டபிறகுதான் எதையும் தீர்மானிக்கலாம் என்றது. எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். எங்களைக் கேட்காமல் முடிவெடுத்ததுதானே எங்கள் குறை? அவர்களைக் கேட்காமல் முடிவெடுக்கச் சொல்லி நாங்கள் எப்படிக் கேட்பது?

ஏல நாள் வந்தது. சட்டத்தரணி ஒரு வேலை தந்திருந்தார். ஏலம் தொடங்குமுன், இந்தக் காணியைப் பற்றி எங்கள் மனு கோட்டில் இருக்கிறது, வாங்குகிறவர்கள் அதை அறிந்துகொண்டு வாங்குங்கள் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். சண்டை பிடிக்கக் கூடாது, ஒருவரையும் மறிக்கக் கூடாது. சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். உன் அப்பா சொன்னால் சொல்லில் நெருப்பு இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மாமா வாயே திறக்கமாட்டார். மாமி சொன்னால் சொல்ல வேண்டியதைவிடக் கூடச் சொல்லிவிடுவார். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வெளியூர் வாகனங்கள் ஒழுங்கையில் நின்றன. ஆட்கள் எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், தென்னையை அண்ணாந்து பார்த்தார்கள், ஒருவர் எங்கள் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். நான் வயிற்றில் உன்னைப் பிடித்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போனேன். கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டு தொடங்கினேன். "ஐயாமார், ஒரு விசயம் சொல்லவேணும்." ஒருவருக்கும் கேட்கவில்லை. அப்போது நீ உள்ளே ஒரு உதை உதைத்தாய். நிமிர்ந்து, இன்னொரு முறை சொன்னேன். இந்த முறை ஒழுங்கை வரைக்கும் கேட்டது. விற்பனையை நடத்த வந்த ஆணையாளர் தலையசைத்து, நான் சொன்னதைத் தன் குறிப்பிலும் எழுதிக்கொண்டார். பாதி வாகனங்கள் திரும்பிப் போயின. ஆனாலும் ஒருவர் விலை கேட்டார், ஏலம் அவருக்கே விழுந்தது. உன் அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலியோரம் நின்றார். அவர் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய வேலை அன்றைக்கு அப்படிச் சும்மா நின்றதுதான் என்று நான் நினைக்கிறேன். வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். அன்று மத்தியானம் அந்த விற்ற வீட்டில் மாமி வழக்கம்போல உலை வைத்தார்.

"இன்னும் சாவி நம்மகிட்டதானே இருக்கு" என்றார்.

விசாரணை நாளில் நான் நிறைமாதம். வராதே என்றார்கள், போனேன். கோட்டுக்கு வெளியே விறாந்தையில் சனம் நெருக்கியடித்து நின்றது. உள்ளேயிருந்து ஒருவர் வாசலுக்கு வந்து, வழக்கு இலக்கத்தைச் சொல்லி, பேரை உரத்துக் கூப்பிடுவார். கூப்பிடும்போது ஆள் முன்னால் வராவிட்டால் மனுத் தள்ளுபடியாகிவிடலாம் என்று சட்டத்தரணி எச்சரித்திருந்தார். நாங்கள் மாமாவை முன் வரிசையிலேயே நிற்க வைத்திருந்தோம்.

"கறுப்பையா வேலாயுதம்!"

மாமா அசையவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். அவருடைய முகம் வெளிறிப்போயிருந்தது. கண் எங்கேயோ தூரத்தில் இருந்தது. அவர் அந்த விறாந்தையில் நிற்கவில்லை, ஒலிபெருக்கி கேட்ட அந்த முகாமில் நிற்கிறார் என்று எனக்கு விளங்கியது.

"கறுப்பையா வேலாயுதம்!"

உள்ளேயிருந்து சட்டத்தரணி திரும்பி வாசலைப் பார்த்தார். மாமி மாமாவின் கையைப் பிடித்து இழுத்தார். அவர் மரம் போல நின்றார். மூன்றாவது முறை கூப்பிட்டால் அவ்வளவுதான். நான் அதுவரை அவரைத் தொட்டதில்லை. எங்கள் பக்கத்தில் மாமாவைத் தொட்டுப் பேசுகிற வழக்கம் இல்லை. அவருடைய உள்ளங்கையை எடுத்து என் வயிற்றில், நீ அசைந்த இடத்தில் வைத்தேன்.

"மாமா, இது உங்கட பேரனுக்குக் கூப்பிடுகினம். போங்கோ. நான் இஞ்சயே நிக்கிறன், நீங்கள் திரும்பி வருவியள்."

மூன்றாவது முறை கூப்பிட்டார்கள். மாமா மூச்சை இழுத்து, "நான்தாங்க" என்றார். விறாந்தையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக வந்தது.

கூண்டில் ஏறியபிறகு அவர் தடுமாறவில்லை. மறுபக்கச் சட்டத்தரணி எழும்பி, உம்மிடமே வந்து கேட்டபோது ஏன் இல்லையென்று சொன்னீர் என்று கேட்டார். மாமா உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"பேரு கேட்டா அப்புடித்தான் சொல்றதுங்க. எந்தம்பி இருக்கேன்னு சொன்னான். நான் இல்லன்னு சொன்னேன். அவன் இல்ல, நான் இருக்கேன்."

கேள்வி கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு மாமாவைப் பார்த்தார். பிறகு தொடர்ந்து எழுதினார்.

கட்டளை வந்தபோது நீ பிறந்திருந்தாய். அழைப்பாணை உரியவர் கையில் சேரவில்லை, அவருக்குக் காணியில் உரிமை இருப்பதாகத் தெரிகிறது, ஆகவே அவருக்கு அனுமதி கொடுக்கப்படுகிறது, விற்பனை உறுதிப்படுத்தப்படமாட்டாது என்று கோட் சொன்னது. வாங்கியவர் கட்டிய காசு அவருக்கே திரும்பிப் போனது. வழக்கு திறந்து, மாமாவின் பக்கமும் கேட்கப்பட்டது. வெளிநாட்டுப் பங்குகாரர்களுக்குத் தங்கள் அப்பா காட்டை வெட்டக் கொடுத்த மனிதர் இன்னும் உயிரோடு அதே கிணற்றடியில் இருக்கிறார் என்பது அப்போதுதான் தெரியவந்தது. விற்க வேண்டாம், வீடும் கிணறும் உள்ள பக்கத்தை அவருக்கே பிரித்துக் கொடுங்கள் என்று அவர்களே சம்மதம் எழுதி அனுப்பினார்கள். நாளை வரும் சேவையர் போடப்போவது அந்த எல்லைக் கோட்டைத்தான். மாமா மனதுக்குள் போட்டுக்கொண்டிருந்த அதே கோடு. இனி அது கல்லாக நிற்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, கோட்டுக்குப் போனால் எல்லாம் சரியாகும் என்று அம்மா சொல்கிறாள் என்று நினைக்காதே. போனவர்கள் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஆனால் போகாதவர்களுக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை. உன் பேருக்கு வரும் கடதாசியைக் கையில் வாங்கு. விளங்காவிட்டால் விளங்குகிறவரிடம் அன்றைக்கே கொண்டுபோ. உனக்குப் பாதகமாக ஒரு கட்டளை வந்துவிட்டால், அதை மாற்றக் கேட்பதற்கும் ஒரு வாசல் இருக்கும், அந்த வாசலுக்கு ஒரு காலம் இருக்கும். காலத்துக்குள் போ. போகும்போது உனக்குச் சாதகமில்லாத உண்மையையும் எடுத்துக்கொண்டு போ. எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

போன கிழமை படலையில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. கமக்கட்டில் பைல். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மாமா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். சேவையர் வரும் நாளை அறிவிக்க வந்த அதே பழைய பிஸ்கால். எதிர்வளவுப் பெடியன்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். பூமணி அக்கா தன் படலையில் வந்து நின்று வாயைக் கையால் பொத்திக்கொண்டார், தப்பித்தவறித் தன் வாயில் ஏதாவது வந்துவிடுமோ என்று.

"கறுப்பையா வேலாயுதம் எண்டது ஆர்?" என்று வந்தவர் கேட்டார்.

மாமா தலையில் சவர்க்கார நுரையோடு, துவாயை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"நான்தாங்க" என்றார். "போன தடவ நீங்க வந்தப்பவும் நான்தாங்க."

வந்தவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமா ஈரக் கையைத் துடைத்து, கையெழுத்துப் போட்டு, கடதாசியை இரண்டு கையாலும் வாங்கினார்.

நீ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு என் இடுப்பில் இருந்தாய். அவர் போனபிறகு, ஏனென்று தெரியாமல், நான் உன் பேரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டேன். அதுவரை எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன், நீ உன் விரலைச் சப்பிக்கொண்டே இருப்பாய். அன்றைக்குத்தான் முதன்முறையாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய்.

உன் அம்மா